இசைத்தட்டுக் கருவிக்கும் மைக்குக்கும் வீட்டிலேயே செய்த கேபிள்கள்

அப்பா வாங்கிய இசைத்தட்டுக் கருவி எங்கள் வீட்டுக் கூடத்தில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. சென்ற ஐப்பசியில், மழை தொடங்கிய வாரத்தில், அதன் இடப்பக்க ஸ்பீக்கரில் 'உம்ம்' என்ற தாழ்ந்த இரைச்சல் ஒன்று கேட்கத் தொடங்கியது. பாட்டு ஓடும்போது அது அவ்வளவாகத் தெரியவில்லை; ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் ஊசி வெறும் வரியில் ஓடும் சில நொடிகளில் நன்றாகக் கேட்டது. நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வும் அதன் மடங்குகளும் சேர்ந்தால் எப்படி ஒலிக்குமோ அப்படியே அது ஒலித்தது. கருவியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஆர்.சி.ஏ. கேபிளைப் பிளக்கின் அருகே விரலால் வளைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் வளைத்தால் இரைச்சல் கூடியது, மறுபக்கம் வளைத்தால் குறைந்தது. கோளாறு கேபிளில்தான் என்பது அப்போதே உறுதியாயிற்று.

அந்தக் கேபிளின் பிளக்குகள் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்து மூடப்பட்டவை. திருகு கிடையாது, கழற்றிப் பார்க்க வழியும் கிடையாது. பிளேடால் கீறித் திறந்தபோது காரணம் தெரிந்தது. உட்கம்பியைச் சுற்றி வரும் ஷீல்டின் செம்பு இழைகள் பிளக்கின் கழுத்தில் ஒவ்வொன்றாக அறுந்து, கடைசியாக மூன்றே இழைகள் பிளக்கின் வெளி வளையத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஆர்.சி.ஏ. கேபிளில் ஷீல்டுக்கு இரண்டு வேலை உண்டு. சிக்னல் திரும்பிச் செல்லும் பாதையும் அதுதான். சுற்றியுள்ள மின்கம்பிகளின் புலம் உட்கம்பியை எட்டாமல் காக்கும் வேலியும் அதுதான். ஊசியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் சிக்னல் 4 அல்லது 5 மில்லிவோல்ட் அளவே இருக்கும் என்பதால் ஆம்ப்ளிஃபயரில் இசைத்தட்டுக்கென உள்ள போனோ பகுதி அதை ஏறக்குறைய நூறு மடங்கு பெருக்குகிறது. அது மட்டுமன்று, இசைத்தட்டில் பதியும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே பதிகிறார்கள் என்பதால், இசைத்தட்டுகளுக்கான ஆர்.ஐ.ஏ.ஏ. வரையறைப்படி 50 ஹெர்ட்ஸில் வரும் எதையும் 1,000 ஹெர்ட்ஸில் வருவதைவிட ஏழு மடங்கு கூடுதலாகப் பெருக்க வேண்டியிருக்கிறது. மின்சார இரைச்சல் உள்ளே நுழைவதற்கு இதைவிடத் தோதான இடம் ஒலிக் கருவிகளில் வேறெங்கும் இல்லை.

புதிதாக ஒரு கேபிளைக் கடையில் வாங்கியிருந்தால் வேலை அன்றே முடிந்திருக்கும். ஆனால் அதுவும் வார்த்து மூடிய பிளக்காகவே இருக்கும், அதன் உள்ளே ஷீல்டை எத்தனை இழைகள் பிடித்திருக்கின்றன என்று எனக்குத் தெரியப்போவதில்லை. திருகிக் கழற்றக்கூடிய உலோகப் பிளக்குகளை வைத்து நானே செய்துவிடுவது என்று முடிவு செய்தேன். மகளின் பாட்டுப் பயிற்சிக்கு இரண்டு மைக் கேபிள்களும் தேவையாக இருந்தன. ஸ்பீக்கர் கம்பிகளையும் மாற்ற வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பட்டியல் எழுதிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை சென்னையில் மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன்.

ரிச்சி தெருவில் கேபிள் வாங்கப் போகிறவர்கள் கையில் ஒரு பிளேடும் சிறிய காந்தமும் வைத்துக்கொள்வது நல்லது. செம்பு நிறத்தில் இருப்பதெல்லாம் செம்பு அல்ல. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பியைக் கடைக்காரர்கள் சி.சி.ஏ. என்பார்கள், இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். ஈயம் பூசிய செம்புக் கம்பி இதற்கு நேர்மாறானது, வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. டி.வி. ஆண்டெனா கேபிள்களில் பலவற்றில் நடுக்கம்பி செம்பு பூசிய எஃகு, காந்தம் ஒட்டிக்கொள்ளும். அவற்றின் பின்னல் ஷீல்டு பெரும்பாலும் அலுமினியம். அதில் சாதாரண சால்டர் ஒட்டவே ஒட்டாது. நான் போன கடையில் இருந்த பெரியவரிடம், "ஐயா, பின்னலும் செம்பா இருக்கணும், நடுக்கம்பி பல இழையா இருக்கணும்" என்று கேட்டபோது, அவர் வேறொன்றும் கேட்காமல் உள்ளே போய், 75 ஓம் வீடியோ கேபிள் உருளை ஒன்றை எடுத்து வந்து, முனையைத் தானே உரித்துக் காட்டினார். வளைவதற்கு மென்மையாகவும் இருந்தது. 5 மீட்டர் வாங்கினேன்.

ஏன் வீடியோ கேபிள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விலையுயர்ந்த கேபிள்களைப் பற்றிச் சொல்லப்படும் பெரும்பாலான புகழ்ச்சிகளுக்கு நடுவே, கேபிள் உண்மையிலேயே ஒலியை மாற்றும் இடம் இதுதான். உட்கம்பிக்கும் ஷீல்டுக்கும் இடையில் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் தன்மை, அதாவது ஒரு கெப்பாசிட்டன்ஸ், எப்போதும் இருக்கிறது. நீளம் கூடக் கூட அதுவும் கூடும். சி.டி. பிளேயர் போன்ற கருவியின் வெளியீட்டு மின்தடை 1,000 ஓம் என்றும், கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்றும், நீளம் 3 மீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், அந்தக் கேபிள் உயர்ந்த ஒலிகளைக் குறைக்கத் தொடங்குவது 5,30,000 ஹெர்ட்ஸ் அருகில்தான். மனிதக் காது கேட்பது 20,000 வரை மட்டுமே. ஆகவே அந்த இடத்தில் எந்த நல்ல கேபிளும் போதும், விலை கூடியதால் எதுவும் மாறப்போவதில்லை. ஆனால் நகரும் காந்த வகைக் கார்ட்ரிட்ஜின் உள்ளே இருப்பது ஒரு சுருள். மின்னோட்ட மாற்றத்தை அது எதிர்க்கும் தன்மையான இண்டக்டன்ஸ் 500 மில்லிஹென்றி அளவில் இருக்கும். அது கேபிளின் கெப்பாசிட்டன்ஸோடு சேர்ந்து, நாம் கேட்கும் எல்லைக்குள்ளேயே ஒத்ததிர்வை, அதாவது ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் மட்டும் மிகுந்து எழுவதை, உண்டாக்குகிறது. மொத்தக் கெப்பாசிட்டன்ஸ் 300 பிகோஃபாரட் என்றால் அது 13,000 ஹெர்ட்ஸ் அருகில் விழும். 200 என்றால் ஏறக்குறைய 16,000-க்கு நகர்ந்துவிடும். அந்த ஒத்ததிர்வைத் தாண்டியதும் ஒலி வேகமாகச் சரிகிறது. என் கார்ட்ரிட்ஜின் கையேடு 150 முதல் 250 வரை கேட்கிறது. கெப்பாசிட்டன்ஸ் குறைவாக இருப்பதால்தான் வீடியோ கேபிள்.

பழைய கேபிளை வெட்டிப் போடும் முன் மல்டிமீட்டரில் அளந்தேன், 1.2 மீட்டர் நீளத்துக்கு 180 பிகோஃபாரட் காட்டியது. ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டில் 100, ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்மின் கம்பியில் ஏறக்குறைய 20, எல்லாம் சேர்ந்து 300. புதிய கேபிளை வெட்டுவதற்கு முன், 5 மீட்டர் சுருளை முழுதாக அளந்தேன். இவ்வளவு சிறிய அளவுகளில் மீட்டரின் கம்பிகளே சில பிகோஃபாரட் சேர்த்துவிடும் என்பதால், நீளமாக அளந்து வகுப்பதுதான் நம்பகமானது. கம்பிகளை மட்டும் வைத்து முதலில் ஒருமுறை அளந்து அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். 340 வந்தது, அதாவது மீட்டருக்கு 68. 1.2 மீட்டருக்கு 82. மொத்தம் 200-ஐ ஒட்டி வரும் என்று கணக்குப் போட்டபோதே எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

வேலைக்கு இரண்டு சால்டரிங் அயர்ன்கள் வைத்துக்கொண்டேன். ஒன்று பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கும் 25 வாட் சோல்ட்ரான். இன்னொன்று 60 வாட். ஈயம் 60/40 வகை, 22 கேஜ், நடுவில் ஈயம் ஒட்ட உதவும் ரோசின் என்னும் பிசின் உள்ளது. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்தது 183 டிகிரி செல்சியஸில் ஒரேயடியாக உருகி ஒரேயடியாக உறையும். 60/40 கலவை 183-க்கும் 190-க்கும் இடையில் சற்று நேரம் குழம்பாக நிற்கும். அந்தக் குழம்பு நேரத்தில் கம்பி அசைந்தால் இணைப்பு மங்கலாகவும் சொரசொரப்பாகவும் உறையும். பார்க்க ஒட்டியதுபோல இருந்தாலும் உள்ளே ஒட்டியிருக்காது. டப்பாவில் கிடைக்கும் பேஸ்ட்களில் அமிலம் கலந்தவை உண்டு. தகர வேலைக்கும் ரேடியேட்டர் வேலைக்கும் உரியவை அவை. அவற்றைக் கேபிளில் தொட்டால், துடைத்தாலும் இழைகளுக்கு இடையில் தங்கி, சில மாதங்களில் செம்பைப் பச்சையாக அரித்துவிடும். ஈயத்தின் நடுவில் உள்ள ரோசினே இந்த வேலைக்குப் போதுமானது.

பிளக்கைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது கை வேண்டும். ஒரு மாமரப் பலகைத் துண்டில் ஆர்.சி.ஏ. சாக்கெட் ஒன்றையும், மைக் கேபிள்களுக்கு உரிய மூன்று பின் எக்ஸ்.எல்.ஆர். ஆண், பெண் சாக்கெட்டுகளையும் திருகி வைத்துக்கொண்டேன். சால்டர் செய்ய வேண்டிய பிளக்கை அதன் இணைச் சாக்கெட்டில் செருகிவிட்டு வேலை செய்தால் இரண்டு நன்மைகள். பிளக் அசையாது, சூட்டில் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் இளகினாலும் பின்கள் இடம் பெயராமல் சாக்கெட் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்தப் பலகை செய்ய ஒரு மணி நேரம் ஆனது. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு இணைப்பிலும் அந்த நேரம் திரும்பக் கிடைத்தது.

கேபிளை உரிப்பதில் பொறுமை வேண்டும். வெளி உறையைச் சுற்றிலும் பிளேடால் அழுத்தி வெட்டினால் அடியில் உள்ள பின்னலின் இழைகளும் சேர்ந்து வெட்டுப்படும். பாதி ஆழத்துக்கு மட்டும் கீறிவிட்டு, அந்த இடத்தில் கேபிளை மடக்கினால் உறை தானாகவே பிளக்கும். பின்னலைக் கத்தரிக்காமல், பல்குச்சியால் நுனியிலிருந்து ஒவ்வொரு பின்னலாகப் பிரித்து, எல்லா இழைகளையும் ஒரு பக்கமாகத் திரட்டி முறுக்கினேன். அறுந்து உதிர்ந்த ஓர் இழைகூட உள்ளே கிடக்கக் கூடாது. பிறகு கம்பிக்கும் பிளக்கின் கிண்ணத்துக்கும் தனித்தனியாக ஈயம் பூசிக்கொண்டு, இரண்டையும் சேர்த்து வைத்துச் சூடு காட்டினால் இரண்டு நொடியில் ஒன்றாகிவிடும். அயர்னின் நுனியில் ஈயத்தை உருக்கி எடுத்து வந்து அப்புவது கூடாது. அதற்குள் ரோசின் எரிந்து போயிருக்கும்.

இதில் முதல் தவறும் நேர்ந்தது. நடுக் கம்பி 25 வாட்டில் அழகாக உட்கார்ந்தது. பின்னலைப் பிளக்கின் எர்த் தகட்டில் ஒட்டும்போது அதே அயர்னைப் பயன்படுத்தினேன். தகடு பெரிய உலோகத்தோடு சேர்ந்தது. சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. ஈயம் உருகாததால் இருபது நொடிக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் உள்ளே இருந்த பாலிஎத்திலீன் இன்சுலேஷன் இளகி, நடுக் கம்பி ஒரு பக்கமாக இறங்கிப் பின்னலைத் தொட்டுவிட்டது. மீட்டரில் வைத்தவுடன் பீப் என்றது. பாலிஎத்திலீன் 110 டிகிரி சுற்றிலேயே உருகிவிடும். ஈயத்துக்கோ 183 வேண்டும். ஆகவே நீண்ட நேரம் குறைந்த சூடு காட்டுவதுதான் ஆபத்து, குறுகிய நேரம் நிறைந்த சூடு காட்டுவது பாதுகாப்பு. அந்த முனையை வெட்டி எறிந்துவிட்டு, மறுமுறை தகட்டுக்கு 60 வாட் அயர்னை எடுத்தேன். தகட்டுக்கும் இன்சுலேஷனுக்கும் நடுவே பின்னலைக் குறட்டால் பிடித்துக்கொண்டேன், அதிகப்படிச் சூட்டைக் குறடு வாங்கிக்கொள்ளும். மூன்று நொடியில் வேலை முடிந்தது. எஞ்சிய முனைகளை எல்லாம் அப்படியே செய்தேன்.

பிளக்கின் மூடியையும், சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவையும் சால்டருக்கு முன்பே கேபிளில் கோத்துவிட வேண்டும் என்பதை இங்கேயே குறித்துவைக்கிறேன். நான் ஒரு காகிதத்தில் 'மூடி, ஸ்லீவ்' என்று எழுதிப் பலகையில் ஒட்டியிருந்தேன், ஒருமுறைகூடத் தவறவில்லை. கடைசியாகப் பிளக்கின் கழுத்தில் உள்ள பிடியைக் கேபிளின் வெளி உறை மேல் அழுந்தப் பதிக்க வேண்டும். இழுப்பு உறை மேல் விழ வேண்டுமே தவிர, ஈயத்தின் மேல் விழக் கூடாது. என் பழைய கேபிள் செத்தது இந்த இடத்தில்தான்.

மல்டிமீட்டரின் பீப் சத்தம் இணைப்பு உண்டா இல்லையா என்பதை மட்டும் சொல்லும். மூன்று இழையில் தொங்கும் ஷீல்டுக்கும் அது பீப் என்றே சொல்லும். அதனால் வேறொரு சோதனை செய்தேன். ஒரு 12 வோல்ட் அடாப்டர், ஒரு கார் பல்பு, கேபிள் ஆகியவற்றைத் தொடராக இணைத்தால் கேபிள் வழியாக 0.8 ஆம்பியர் ஓடியது. அப்போது கேபிளின் இரு முனைகளுக்கும் இடையே உள்ள மில்லிவோல்ட்டை அளந்து 0.8 ஆல் வகுத்தால் மின்தடை மில்லிஓமில் கிடைத்துவிடும். ஷீல்டில் 10 மில்லிவோல்ட், அதாவது 12 அல்லது 13 மில்லிஓம். கேபிளை எல்லாப் பக்கமும் வளைத்தபோதும் அந்த எண் அசையவில்லை. இந்தச் சோதனையைக் கேபிள் தனியாக இருக்கும்போது மட்டுமே செய்ய வேண்டும். கார்ட்ரிட்ஜ் இணைந்திருக்கும்போது அதன் சுருளில் இந்த மின்னோட்டம் பாய்ந்தால் சுருள் கருகிவிடும்.

கருவியின் அடித்தட்டைக் கழற்றி, டோன் ஆர்மின் முடிபோன்ற கம்பிகள் வந்து சேரும் சிறு பட்டையில் புதிய கேபிள்களை இணைத்தேன். வெள்ளை இடப்பக்கச் சிக்னல், நீலம் அதன் திரும்புபாதை. சிவப்பு வலப்பக்கச் சிக்னல், பச்சை அதன் திரும்புபாதை. ஆர்மின் உலோக உடலுக்கு உரிய எர்த் கம்பியைத் தனியாக ஆம்ப்ளிஃபயரின் எர்த் திருகுக்குக் கொண்டுபோனேன். அதை ஷீல்டோடு சேர்த்தால் மீண்டும் இரைச்சலுக்கு வழி வைத்ததாகிவிடும். ஆம்ப்ளிஃபயரை அணைத்து வைத்துவிட்டே பிளக்குகளைச் செருகினேன். ஆர்.சி.ஏ. பிளக்கின் அமைப்பில் ஒரு குறை உண்டு: செருகும்போது நடு ஊசி முதலில் தொடும், வெளி வளையம் பிறகுதான் தொடும், அந்த இடைவெளியில் ஆம்ப்ளிஃபயர் இயங்கிக்கொண்டிருந்தால் எழும் அலறல் ஸ்பீக்கரைக் கெடுக்கக்கூடும். ஒலியளவைப் பாதிக்கு மேல் ஏற்றி, ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி காது கொடுத்தேன். இரைச்சல் இல்லை. பிறகு ஒரு நாகஸ்வரத் தட்டைப் போட்டேன். தாளத்தின் கணீர் என்ற முனை முன்பைவிடத் தெளிவாகக் கேட்டது. 13,000 ஹெர்ட்ஸிலிருந்து 16,000-க்கு நகர்ந்த அந்த ஒத்ததிர்வு அங்கேதான் தெரியும் என்று எதிர்பார்த்திருந்தேன்.

மைக் கேபிள்கள் வேறு வகையான வேலை. எக்ஸ்.எல்.ஆர். பிளக் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் ஜேம்ஸ் எச். கேனன் தொடங்கிய நிறுவனத்திலிருந்து வந்தது. அதனால் பழைய ஒலிப்பதிவாளர்கள் இன்றும் அதைக் கேனன் பின் என்பார்கள். 1-ஆம் பின் ஷீல்டுக்கு, 2-ஆம் பின் நேர் சிக்னலுக்கு, 3-ஆம் பின் எதிர்ச் சிக்னலுக்கு. 2-ஆம் பின்னே நேர் என்பதை ஒலிப் பொறியாளர்களின் சங்கமான ஏ.இ.எஸ். 1992-இல் வரையறையாக வெளியிட்டது. அதற்கு முன் 3-ஐ நேராகக் கொண்ட கருவிகளும் இருந்தன. இங்கே ஷீல்டு சிக்னலைத் தாங்குவதில்லை. சிக்னல் இரண்டு கம்பிகளில் ஒன்றுக்கொன்று எதிராக ஓடுகிறது. வழியில் நுழையும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவாக விழுகிறது. மறுமுனையில் உள்ள கருவி இரண்டின் வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் கழிந்துவிடுகிறது. கம்பிகளை முறுக்குவது, இரண்டும் இரைச்சலை ஒரே அளவாக வாங்கட்டும் என்பதற்காகத்தான்.

நான் எடுத்தது நான்கு கம்பிகள் உள்ள ஸ்டார் குவாட் கேபிள். எதிரெதிரே இருக்கும் இரண்டு வெள்ளைக் கம்பிகளைச் சேர்த்து ஒன்றாகவும், இரண்டு நீலக் கம்பிகளைச் சேர்த்து ஒன்றாகவும் கொள்ள வேண்டும். இதனால் இரு பாதைகளின் மையமும் ஒரே இடத்தில் அமைகிறது. டிரான்ஸ்ஃபார்மர், ஃபேன் ரெகுலேட்டர் போன்றவற்றின் காந்தப் புலம் இரண்டையும் சமமாகவே தொடும். கெப்பாசிட்டன்ஸ் சற்றுக் கூடும் என்றாலும், 6 மீட்டர் நீளத்தில், குறைந்த மின்தடை கொண்ட மைக்குக்கு அது பொருட்டில்லை. எங்கள் கூடத்தில் கேபிள் கடந்து போகும் இடத்திலேயே இன்வெர்ட்டர் இருக்கிறது. அதனால்தான் நான்கு கம்பிகளின் கூடுதல் வேலையை ஏற்றுக்கொண்டேன். அப்படி எதுவும் அருகில் இல்லாதவர்களுக்கு இரண்டு கம்பிக் கேபிளே போதும். கேபிளில் மிச்சம் பிடிக்கும் பணத்தை நியூட்ரிக் போன்ற உறுதியான பிளக்குகளில் போடலாம்.

பிளக்கின் உலோகக் கூட்டை 1-ஆம் பின்னோடு சேர்க்க காதுபோன்ற ஒரு சிறு தகடு வைத்திருப்பார்கள். நான் அதைத் தொடவில்லை. ஷீல்டு எங்கே சேர வேண்டும் என்பது கருவியைச் செய்பவர் தீர்மானிக்க வேண்டியது: அது கருவியின் உலோகப் பெட்டியில் சேர வேண்டும், உள்ளே சர்க்யூட் போர்டுக்குள் போய்விடக் கூடாது. இதை 1995-இல் நீல் மன்சி ஏ.இ.எஸ். இதழில் விளக்கி எழுதிய பிறகுதான் பல தயாரிப்பாளர்கள் திருத்திக்கொண்டார்கள். கேபிள் செய்கிற நான் கூட்டையும் இணைத்துவிட்டால், பிளக் எங்காவது உலோகத்தில் உரசும்போது எர்த்துக்கு இன்னொரு பாதை உண்டாகி அதுவே இரைச்சலாகும்.

முதல் கேபிள் குறையின்றி வந்தது. இரண்டாவதைச் செய்து முடித்து, இரண்டு மைக்குகளையும் இணைத்து, மகள் பாடவும் அவளுடைய தோழி அருகே அமர்ந்து வயலின் வாசிக்கவும் ஒலிப்பதிவைத் தொடங்கினோம். ஒவ்வொரு மைக்கும் தனியாகக் கேட்கும்போது நன்றாகவே இருந்தது. "அப்பா, ரெண்டையும் சேர்த்து ஏத்தினா என் குரல் மெலிஞ்சு போகுது" என்றாள் மகள். அவள் சொன்னது சரிதான். தாழ்ந்த மந்தர ஸ்தாயியில் குரல் கரைந்தே போயிற்று. இரண்டாவது கேபிளின் ஒரு முனையில் 2-உம் 3-உம் இடம் மாறியிருந்தன. ஆண் பிளக்கின் முதுகுப் பக்கத்தில் பின்களின் வரிசை ஒருவிதமாகவும், பெண் பிளக்கின் முதுகில் அதன் கண்ணாடிப் பிம்பமாகவும் இருக்கும். பின் அருகே பதித்திருக்கும் சிறு எண்ணைப் படிக்காமல், முன்பு செய்த முனையின் நினைவில் கையை ஓட்டிவிட்டேன். ஒரு மைக்கில் அழுத்தம் மேலே போகும்போது இன்னொன்றில் கீழே போகிறது; அருகருகே இருக்கும் மைக்குகள் ஒரே குரலை வாங்கும்போது இரண்டும் கூட்டலில் கழிந்துவிடுகின்றன. தாழ்ந்த ஒலிகளின் அலைநீளம் பெரியது, 100 ஹெர்ட்ஸுக்கு 3.4 மீட்டர், ஓரடி இடைவெளி அதற்கு ஒரு பொருட்டே அல்ல. அதனால்தான் தாழ்ந்த சுரங்கள் முதலில் மறைந்தன. ஒரு கேபிளை மட்டும் சோதித்தால் இந்தத் தவறு காதுக்குத் தெரியாது. அன்றிலிருந்து இரு முனைகளுக்கும் இடையே ஒவ்வொரு பின்னாக மீட்டரை வைத்து, 1-க்கு 1, 2-க்கு 2, 3-க்கு 3 என்று ஒலிப்பதையும், வேறெந்தச் சேர்க்கையும் ஒலிக்காததையும் பார்த்துவிட்டுத்தான் மூடியைத் திருகுகிறேன்.

ஸ்பீக்கர் கம்பி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே கணக்கில் வருவது மின்தடை ஒன்றுதான். 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, 5 மீட்டர் தூரத்துக்குப் போக வர 10 மீட்டர், ஏறக்குறைய 0.13 ஓம், 8 ஓம் ஸ்பீக்கரில் அதனால் குறைவது 0.14 டெசிபல். காதுக்குத் தெரியாத அளவு அது. வீட்டு ஒயரிங்குக்கு விற்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள பல இழைச் செம்புக் கம்பியையே வாங்கி, இரண்டாக முறுக்கி, வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒரே நீளமாக வெட்டிப் போட்டேன்.

ஈயத்தில் வேலை செய்யும் நாட்களில் சன்னலைத் திறந்துவைத்து, ரோசின் புகை முகத்தில் அடிக்காமல் பக்கவாட்டில் போகும்படி ஒரு சிறு விசிறியை வைத்துக்கொள்கிறேன். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தொடுவதில்லை. சாப்பாட்டு மேசையில் ஈயத்தைக் கொண்டுவருவதே கிடையாது.

ஒவ்வொரு கேபிளின் கழுத்திலும் ஓர் எண் ஒட்டியிருக்கிறேன். நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே நாள், நீளம், மின்தடை, கெப்பாசிட்டன்ஸ் எல்லாம் எழுதியிருக்கிறேன். மார்கழியில் ஒரு காலை, மகளின் பயிற்சிக்கு நடுவில் 4-ஆம் எண் மைக் கேபிள் கரகரத்தது. நாற்காலியின் கால் அதன் மேல் ஏறி, பிளக்கோடு சேர்த்து இழுத்திருந்தது. மூடியைத் திருகிக் கழற்றினேன். கழுத்துப் பிடி நழுவி, 2-ஆம் பின்னில் இருந்த இரண்டு வெள்ளைக் கம்பிகளில் ஒன்று விட்டிருந்தது, மற்றொன்று தாங்கிக்கொண்டிருந்தது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, முனையை 6 செ.மீ. வெட்டி, மீண்டும் உரித்து, ஒட்டி, மீட்டரில் மூன்று பின்னையும் பார்த்து, மூடியைத் திருகியபோது அவள் அடுத்த கீர்த்தனையைத் தொடங்கத் தயாராக இருந்தாள். நோட்டில் 6 மீட்டர் என்று இருந்ததை அடித்துவிட்டு 5.94 என்று எழுதினேன்.